இருபது மீட்டரில் நிற்கும் மானுக்கு எந்தத் துப்பாக்கி?

தம்பி, நியூசிலாந்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, கூட வேலை செய்பவர்கள் மான் வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள், அடர்ந்த காட்டுக்கு எந்த ரைஃபிள் வாங்கலாம், வேறு என்னவெல்லாம் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். நான் பன்னிரண்டு வருடமாக ருவாஹினே, கைமனாவா மலைக்காடுகளுக்குப் போய் வருகிறேன். அங்கே கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், இப்போதே எதையும் வாங்காதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியும் வாங்க முடியாது, தோட்டாவும் வாங்க முடியாது. ஆனால் லைசென்ஸ் உள்ளவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டால் அவருடைய துப்பாக்கியால் நீங்கள் சுடலாம். முதல் இரண்டு மூன்று முறை அப்படிப் போய் வாருங்கள். இதற்கிடையில் லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். எழுத்துத் தேர்வு, செய்முறைப் பயிற்சி, வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் இடத்தைப் பார்வையிடுவது, உங்களிடமும் உங்களை நன்றாகத் தெரிந்தவர்களிடமும் நேர்காணல் என்று நாள் பிடிக்கும். முதல் லைசென்ஸ் 5 வருடத்துக்கு. 2023 ஜூனிலிருந்து துப்பாக்கிகளைப் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும். கிறைஸ்ட்சர்ச்சில் 2019இல் நடந்த படுகொலைக்குப் பிறகு, வேட்டைக்குப் பயன்பட்ட செமி ஆட்டோமேட்டிக் (சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறும்) ரைஃபிள்களில் பெரும்பாலானவை தடை செய்யப்பட்டன. அதனால் உங்களுக்கு, ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றிச் சுடும் போல்ட் ஆக்‌ஷன்தான். காட்டுக்கு அது தாராளமாகப் போதும்.

இனி ரைஃபிள். நான் முதலில் வாங்கியது 24 அங்குலக் குழலும், தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் பெரிய ஸ்கோப்பும் உள்ளது. திறந்த மலைச்சரிவில் முந்நூறு மீட்டர் சுட அது அருமையான துப்பாக்கி. ஆனால் காட்டுக்குள் சப்பிள்ஜாக் கொடி ஒவ்வோர் அடிக்கும் குழலைப் பிடித்து இழுத்தது. மூன்றாவது நாள் ஒரு சிக்கா மான் இருபது மீட்டரில் வந்து நின்றது. ஸ்கோப் வழியாகப் பார்த்தால் பழுப்பு முடி மட்டும்தான் தெரிந்தது. தோளா, வயிறா, எந்தப் பக்கம் தலை என்று புரியவில்லை. நான் சுடவில்லை, மான் போய்விட்டது. அடர்காட்டில் கிடைக்கும் வாய்ப்புகளில் பெரும்பாலானவை ஐம்பது மீட்டருக்குள்தான், அதுவும் சில நொடிகள்தான்.

ஆகவே 16 முதல் 20 அங்குலக் குழல் பாருங்கள். இங்கே சைலன்சர் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது, பெரும்பாலோர் மாட்டுகிறார்கள். காதுக்கும் நல்லது, தோளில் உதைப்பதும் குறையும். ஆனால் அதுவும் நீளத்தில் சேரும் என்பதால் குழல் குட்டையாக இருப்பதே நல்லது. மழை ஓயாத காடு, அதனால் குழல் துருப்பிடிக்காத எஃகிலும், தோளில் அணைக்கும் கட்டை பிளாஸ்டிக்கிலும் உள்ளதாக எடுங்கள். மரக்கட்டை அழகுதான், ஈரத்தில் அதைப் பராமரிக்க முடியாது. ஸ்கோப் 1 மடங்கிலோ 2 மடங்கிலோ தொடங்குவதாக இருக்கட்டும். அதை எப்போதும் மிகக் குறைந்த அளவில் வைத்தே நடங்கள்.

தோட்டா விஷயத்தில் 308, 7 எம்.எம்.-08 என்ற இரண்டு அளவுகளில் எதுவானாலும் சிவப்பு மானுக்குப் போதும். புதியவருக்கு 7 எம்.எம்.-08இன் உதை கொஞ்சம் மென்மை. 308 தோட்டா எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். கனமான, மெதுவான குண்டு செடிகொடியைத் துளைத்துக்கொண்டு நேராகப் போகும் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். சின்னக் குச்சியில் பட்டாலும் எந்தக் குண்டும் திசை மாறும். இடைவெளி கிடைக்கும்வரை காத்திருப்பது ஒன்றே வழி.

இதைவிட முக்கியமான ஒன்று. இங்கே மான் என்று நினைத்து மனிதரைச் சுட்ட விபத்துகள் பல நடந்திருக்கின்றன. அவற்றில் நிறைய முறை சுட்டவரும் சுடப்பட்டவரும் ஒரே குழுவில் வந்த நண்பர்கள். எனக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. ஏப்ரல் மாதம், ஆண் மான்கள் கத்தும் பருவம். எதிர்ச் சரிவில் பெரணிச்செடி அசைந்தது, பழுப்பாக ஏதோ நகர்ந்தது. மான்தான் என்று மனம் சொல்லிவிட்டது. தலையும் கழுத்தும் தெரியட்டும் என்று நின்றேன். தெரிந்தது என் நண்பரின் முதுகுப்பை. அவர் ஓடையைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக வந்திருந்தார். என் துப்பாக்கிக் குழலில் அப்போது தோட்டா ஏற்றியிருக்கவில்லை. இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறேன், மானை முழுதாக அடையாளம் கண்ட பிறகுதான் தோட்டாவை ஏற்றுவேன். அரை நொடி தாமதத்தில் சில மான்கள் தப்பியிருக்கின்றன, போகட்டும்.

அதனால் பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டை வாங்குங்கள். மானின் கண்ணுக்கு ஆரஞ்சு எடுப்பாகத் தெரியாது, நீலம்தான் நன்றாகத் தெரியும். ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி நனைந்தால் குளிரும் கூடவே வரும். உள்ளுக்கு மெரினோ கம்பளி, மேலே நல்ல மழைக்கோட்டு. துப்பாக்கியில் மிச்சம் பிடித்தாவது இதற்குச் செலவு செய்யுங்கள். அப்புறம் பி.எல்.பி. என்கிற அவசர அழைப்புக் கருவி. காட்டுக்குள் கைபேசி பெரும்பாலும் எடுக்காது. வாங்கியதும் அதை உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள், பதிவு இலவசம்.

அரசு வனங்களுக்கு டாக் எனப்படும் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் வேட்டை அனுமதி வேண்டும். இணையத்தில் இலவசமாகவே எடுக்கலாம். அங்கே இரவு வேட்டை கூடாது. போகும் பகுதியில், தீங்கு செய்யும் விலங்குகளைக் கொல்ல 1080 என்ற விஷம் போட்டிருக்கிறார்களா என்றும் அந்தத் துறையின் வரைபடத்தில் பாருங்கள், கறியை வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறீர்கள் அல்லவா.

மானைச் சுடத் தயக்கமாக இருந்தால் அதுவும் சரிதான். ஆனால் இந்த நாட்டில் மான் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. வௌவால் தவிர இந்த மண்ணுக்கே உரிய நிலவாழ் பாலூட்டி இங்கே கிடையாது. மான் பெருகினால் காட்டின் அடிச்செடிகள் அழிந்துபோகும்.

கூப்பிடும் நண்பர்களிடம் ஒன்று கேளுங்கள்: காட்டுக்குள் பிரிந்து போனால் யார் எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு எங்கே சேருவது? தெளிவான பதில் வந்தால் போங்கள். 'அங்கே போய்ப் பார்த்துக்கலாம்' என்றால் அந்த வாரம் வீட்டில் இருங்கள்.