நின்றுபோன பேஸ் கிட்டார்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கிட்டார் கம்பெனிகள் நிறுத்திவிட்ட மாடல்களை மறுபடி இறக்குவது ‘பழைய நினைப்பை விற்கும் வியாபாரம்’ என்று எழுதியிருந்தீர்கள். நான் மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிப்பவன். எனக்குக் கை சிறியது. அதிரும் கம்பியின் நீளம் 34 அங்குலம் உள்ள ஃபெண்டர் ஜாஸ் பேஸில், தலைப்பக்கத்து முதல் நான்கு ஃப்ரெட்டுக்குள் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) ஒரு மணி நேரம் வாசித்தால் மணிக்கட்டு பிடித்துக்கொள்கிறது. ஃபெண்டர் மஸ்டாங் போன்ற குட்டை பேஸ்தான் சரிவரும். எனக்கு வேண்டியது கருவி, நினைப்பு அல்ல. நின்றுபோனவை திரும்பி வரக் கூடாதா?

க.

அன்புள்ள க,

உங்கள் மணிக்கட்டு சொல்வதுதான் சரி. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டேன்.

மஸ்டாங் 1966-இல் வந்தது, 1980களின் தொடக்கத்தில் நின்றது. 30 அங்குலம் என்றதுமே பழகுபவர்களுக்கான சாமான் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் டினா வேமத் மேடையில் அதைத்தான் வாசித்தார். 2002-இல் ஜப்பானில் மறுபடி செய்யத் தொடங்கினார்கள். அதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

ஆனால் ஒன்றைத் திரும்பக் கேட்கும் முன், அது ஏன் நின்றது என்று பார்க்க வேண்டும். ரிக்கன்பேக்கர் 4001 என்ற பேஸின் நெக்குக்குள், அதாவது கழுத்துக்குள், இரண்டு ட்ரஸ் ராட். கம்பிகளின் இழுப்பில் கழுத்து வளையாமல் தாங்கும் உலோகத் தண்டு அது. அதன் நுனியில் உள்ள நட்டைத் திருகினால் மட்டும் நெக் நிமிராது. கையால் நெக்கை அழுத்தி, வேண்டிய நிலைக்குக் கொண்டுவந்து, அப்புறம் நட்டை இறுக்க வேண்டும். அந்த நிலையைப் பிடித்து வைப்பதுதான் நட்டின் வேலை. இது தெரியாமல் ஸ்பானரைப் போட்டுத் திருகியவர்களுக்கு நெக்கின் மேல் ஒட்டிய பலகை, ஃபிங்கர்போர்டே, பெயர்ந்து வந்தது. போதாததற்கு, வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பிக்கென்று செய்த நெக்கில், கணீரென்ற ஒலிக்காக எல்லோரும் சொரசொரப்பான ரவுண்ட்வவுண்டை மாட்டினார்கள். 1979-இல் அதற்கு அடுத்த மாடலான 4003 வந்தது இதற்காகத்தான். ‘அசல் 4001 வேண்டும்’ என்பவர்கள் கேட்பது அந்த உருவத்தையும் ஒலியையும். பழைய ராடை ஒருமுறை திருகிப் பார்த்தவர் அதைக் கேட்கவே மாட்டார்.

கிப்சன் கம்பெனியின் தண்டர்பேர்ட் பேஸின் கதை வேறு. கார் வடிவமைப்பாளர் ரே டீட்ரிச் வரைந்தது, 1963. செய்யச் செலவு அதிகம், வாங்க ஆள் குறைவு. 1965-இல் உருவத்தையே இடம் வலமாகப் புரட்டிப் பார்த்தார்கள், 1969-இல் நிறுத்திவிட்டார்கள். 1976-இல் பழைய உருவத்திலேயே திரும்பி வந்தது. வரட்டும். ஆனால் தோளில் மாட்டி இடக்கையை விட்டால் தலை தரையைப் பார்க்குமே, அந்தக் குணத்தையும் சேர்த்தா பயபக்தியோடு கொண்டுவர வேண்டும்? ஸ்ட்ராப் மாட்டும் குமிழை இடம் மாற்றினால் எந்த சாமி கோபித்துக்கொள்ளும்?

நீங்கள் மஸ்டாங்கையே வாங்குங்கள். கம்பி வாங்கும்போது மட்டும் குட்டை பேஸுக்கானது என்று கேட்டு வாங்குங்கள். 34 அங்குலக் கம்பியை வெட்டிப் போட்டால் தடித்த பகுதியே டியூனிங் கீயில் சுற்றும். அங்கேயே பிரிந்து அறுந்துபோகலாம்.