தாய்ப்பாலை ஆராய மரபணு மாற்றிய எலிகள் எதற்கு?

"தாய்ப்பாலில் என்ன சத்து இருக்கிறது என்று தெரிய பாலையே சோதித்தால் போதாதா, மரபணு மாற்றிய எலி எதற்கு, எலிக்கும் நம் குழந்தைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் "குழந்தைக்கு எடை ஏறவில்லை என்றால் பால் சரியில்லை என்றுதானே அர்த்தம்" என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். தப்பென்றால் மன்னித்துவிடுங்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் விஞ்ஞானி இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே கமெண்டில் வந்து பட்டம் எங்கே என்று கேட்பார்கள். ஊர் குடியாத்தம் பக்கம். பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு வேலூரில் ஓர் ஆய்வுக்கூடத்தின் அனிமல் ஹவுஸில், அதாவது ஆய்வுக்கான விலங்குகளை வளர்க்கும் இடத்தில், ஒன்பது வருஷம் டெக்னீஷியனாக இருந்தேன். எந்த இடம் என்று கேட்காதீர்கள்.

சுண்டெலிக் குட்டி பிறக்கும்போது ஒரு கிராமுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். முடி இருக்காது, கண் திறந்திருக்காது. தோல் அவ்வளவு மெல்லிசு என்பதால், பால் குடித்திருந்தால் வயிற்றின் இடது பக்கம் வெள்ளைத் திட்டாக வெளியிலிருந்தே தெரியும். மில்க் ஸ்பாட் என்போம். காலையில் போனதும் கூண்டு மூடியைத் தூக்கி, குட்டிகளுக்கு அந்த வெள்ளை தெரிகிறதா என்று பார்ப்பதுதான் என் முதல் வேலை. தெரியாவிட்டால் எனக்கு டீ இறங்காது.

இரண்டாவது வேலை குட்டி மாற்றுவது. ஒரே நாளில் பிரசவித்த இரண்டு தாய்களைக் கொஞ்ச நேரம் தனியே எடுத்து வைத்துவிட்டு, இதன் குட்டிகளை அதன் கூண்டிலும் அதன் குட்டிகளை இதன் கூண்டிலும் விடுவோம். சும்மா விட்டால் தாய் ஏற்காமல் போகலாம். அதனால் குட்டிகளைப் புதுத்தாயின் கூண்டு உமியில் மெதுவாகப் புரட்டி எடுப்போம். என் கையுறையையும் அதே உமியில் தேய்த்துக்கொள்வேன். அப்புறம் தாயை விட்டதும் அது வந்து ஒவ்வொன்றாக மோந்து பார்க்கும். பல் படாமல் கவ்வித் தூக்கிக் கூட்டுக்குள் போட்டுவிட்டால் நிம்மதி.

உங்கள் கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. பாலைப் புட்டியில் பிடித்துச் சோதித்தால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று தெரியும். அதில் ஒன்று இல்லாவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது தெரியாது. ஒரு தாயிடம் போய் "உங்கள் பாலிலிருந்து இந்த ஒரு புரதத்தை மட்டும் எடுத்துவிட்டுப் பார்க்கலாமா" என்று கேட்க முடியுமா? எலியில் அந்தப் புரதத்தை உண்டாக்கும் ஜீனை, அதாவது மரபணுவை, எடுத்துவிடலாம். குறிவைத்து ஒரு ஜீனை மாற்றும் அந்த முறைக்காகத்தான் 2007-ல் கபேக்கி, எவன்ஸ், ஸ்மித்தீஸ் மூவருக்கும் நோபல் கொடுத்தார்கள். ஜீன் மாற்றிய தாயிடம் சாதாரணக் குட்டியை விட்டும், ஜீன் மாற்றிய குட்டியைச் சாதாரணத் தாயிடம் விட்டும் பார்த்தால், குறை பாலிலா குட்டியிலா என்பது பிரிந்து தெரிந்துவிடும்.

1994-ல் பிரான்ஸில் ஆல்ஃபா லாக்டால்புமின் என்ற பால் புரதத்தின் ஜீனை இப்படி எடுத்துப் பார்த்தார்கள். பாலில் லாக்டோஸ் சர்க்கரை உண்டாக அந்தப் புரதம் வேண்டும். பாலுக்குள் தண்ணீரை இழுத்து வருவது அந்தச் சர்க்கரைதான். அது இல்லாமல் போனதும் பால் கெட்டியாகிவிட்டது. மடி நிறையப் பால் இருந்தும் குட்டிகளால் உறிஞ்சி எடுக்க முடியவில்லை. மறுவருஷம் வந்த இன்னொரு ஆய்வில் எலியின் ஜீன் இருந்த இடத்தில் மனித ஜீனை வைத்தார்கள், பால் மறுபடி ஒழுங்காக வந்தது. எலிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்றீர்களே, நம்முடைய ஜீன் எலியின் மடியில் வேலை செய்திருக்கிறது.

லீத்தல் மில்க், அதாவது 'உயிரைக் கொல்லும் பால்', என்று இன்னொரு எலி வகை. அதை யாரும் மாற்றவில்லை, ஜீன் தானாகவே கெட்டுப்போனது. பால் சுரக்கும், குட்டியும் குடிக்கும், ஆனால் பால் மறக்கும் முன்பே செத்துவிடும். எந்தத் தாயின் குட்டியைக் கொண்டுவந்து விட்டாலும் அதே கதி. அதே குட்டியை வேறு தாயிடம் விட்டால் பிழைத்துக்கொள்ளும். துத்தநாகத்தை (ஜிங்க்) பாலுக்குள் அனுப்பும் ஜீனில்தான் கோளாறு என்று 1997-ல் கண்டுபிடித்தார்கள். நம் பெண்களிலும் சிலருக்குப் பாலில் துத்தநாகம் குறைவாக வருவது உண்டு. அதற்கு ஒரு காரணம் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு ஜீன் என்று 2006-ல் தெரிந்தது. அந்தக் குழந்தைகளுக்கு வாயைச் சுற்றியும் பின்பக்கமும் தோல் புண்ணாகும். துத்தநாக மருந்து கொடுத்தால் சரியாகிவிடும். அந்தத் தாய் என்ன சாப்பிட்டாள், என்ன சாப்பிடவில்லை என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இதையெல்லாம் வேலூர் வெயிலில் செய்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். அறை 22 டிகிரியில் இருக்க வேண்டும். மே மாதம் கரண்ட் போய், ஜெனரேட்டர் எடுக்கப் பத்து நிமிஷம் தாமதமானால் தாய் எலிகள் தவிக்க ஆரம்பித்துவிடும், பயந்துபோனால் குட்டியைத் தின்றும்விடும்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

மூத்தவன் பிறந்து இருபது நாளாகியும் பிறந்த எடைக்குக்கூடத் திரும்பவில்லை. பொதுவாக இரண்டு வாரத்தில் திரும்பிவிட வேண்டும். அத்தை பூண்டு வதக்கிக் கொடுத்தார், பால் சுறா கருவாடு வாங்கிவந்து குழம்பு வைத்தார், முருங்கைக்கீரை தினமும். குறை சொல்லக் கூடாது, நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். ஆனால் ஒரு நாள் மடியில் பிள்ளை வீறிட்டு அழும்போது வாசலில் நின்று சொன்னார்: "இன்னா பால் இது, தண்ணி மாரி கீது. எலிக்குட்டிக்குப் பால் குடிக்க வெக்கத் தெரியுது, சொந்தப் புள்ளைக்குத் தெரியலியா?" பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அந்த வாரம் ஆம்பூரிலிருந்து என் தங்கை நாலு மாதப் பெண் குழந்தையோடு வந்தாள். இவன் அழுகையைப் பொறுக்க முடியாமல், "குடுக்கா, நான் வெச்சிப் பாக்கறேன்" என்று வாங்கிக்கொண்டாள். இரண்டு நிமிஷம்கூட இல்லை. "நாக்கால டக்கு டக்குனு சத்தம் வருது, வலிக்குது, பிடிக்கவே மாட்டேங்கறான்" என்று திருப்பிக் கொடுத்தாள். அவள் பெண் பசியில் சிணுங்கியது. நான் எடுத்து வைத்துக்கொண்டேன். பத்து நிமிஷம் மடமடவென்று குடித்துவிட்டு, கடைவாயில் பால் ஒழுக அப்படியே தூங்கிவிட்டது.

தூங்குகிற அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் மாற்றியாயிற்று, உமி மட்டும்தான் பாக்கி. ஒன்பது வருஷம் அடுத்தவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிய கணக்கு என் மடியிலேயே நடந்திருக்கிறது. பாலில் குறை இல்லை. பிள்ளைக்கு உறிஞ்ச வரவில்லை.

மறுநாள் குழந்தை மருத்துவரிடம் போய், "எடையை விடுங்க டாக்டர், வாயைப் பாருங்க" என்றேன். விரலால் நாக்கைத் தூக்கிப் பார்த்தார். அடியில் சவ்வு நுனிவரை ஒட்டியிருந்தது. சின்னக் கத்தரியால் ஒரு வெட்டு, ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். பத்து நாளில் முந்நூறு கிராம் ஏறினான்.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் குழந்தைகளை மாற்றிப் பால் கொடுக்கக் கிளம்பாதீர்கள். பால் வழியாகத் தொற்று பரவும், எச்ஐவி உட்பட. அவள் என் கூடப்பிறந்தவள், அவளுடைய பரிசோதனை முடிவுகளெல்லாம் எனக்குத் தெரியும். எடை ஏறாத எல்லாக் குழந்தைக்கும் நாக்குதான் காரணம் என்றும் நான் சொல்லவில்லை. ஒட்டியிருக்கிற எல்லா நாக்கையும் வெட்ட வேண்டியதும் இல்லை. மருத்துவர் முன்னால் ஒரு வேளை பால் கொடுத்துக் காட்டுங்கள், அவர் பார்க்கட்டும்.

எலியில் கண்டதெல்லாம் நமக்கு அப்படியே பொருந்தாது என்பதும் உண்மை. எலிப்பாலில் புரதம் சுமார் பத்து சதவீதம், நம் பாலில் ஒன்றுதான். எலிக்குட்டி மூன்று வாரத்தில் பால் மறந்துவிடும். "பாவமில்லையா" என்று கேட்பவர்களுக்கு: பாவம்தான் என்று எனக்கும் தோன்றியிருக்கிறது. விலங்கு நெறிமுறைக் குழு அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு எலிகூட எடுத்ததில்லை, ஆனாலும் வெள்ளைத் திட்டு தெரியாத குட்டிகளைப் பார்த்த காலைகள் மறக்கவில்லை.

அத்தை மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் போன மாதம் எதிர்வீட்டுப் பெண்ணின் குழந்தை அழுதபோது, கருவாட்டுக் குழம்போடு போய் நின்று, "மொதல்ல நாக்கத் தூக்கிப் பாத்தியா?" என்று கேட்டாராம். குழம்பையும் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.