டயட்டில் இருக்கும்போது தலைவலி விடாமல் வருவது ஏன்?

"அரிசியை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது, எடை குறைகிறது, ஆனால் தினமும் தலைவலி. என்ன காரணம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. இதே வலியைப் பதினொரு நாள் அனுபவித்தவள், அதனால் எழுதுகிறேன்.

சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று பரிசோதனையில் வந்ததும் மறுநாளே சோற்றை விட்டேன். காலையில் முட்டை, மதியம் ஒரு கிண்ணம் பொரியலும் பனீரும், இரவு சூப். மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்கு, நெற்றியைச் சுற்றி ஈரத்துணியை முறுக்கிக் கட்டினாற்போல வலி பிடித்தது. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது. அதன்பின் தினமும் அதே நேரம்.

பக்கத்துத் தெரு டாக்டரம்மா, என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்கவில்லை. எதையெல்லாம் விட்டேன் என்று கேட்டார். சோறு, இட்லி, குழம்பு, ரசம், மோர், ஊறுகாய், அப்பளம் என்று சொல்லிக்கொண்டே போனேன். "ரசத்தையும் மோரையும் யாரும்மா நிறுத்தச் சொன்னது?" என்றார். யாரும் சொல்லவில்லை. சோறு இல்லாத தட்டில் ரசத்தை எங்கே ஊற்றுவது? அது தானாகவே நின்றுபோனது. படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், மேல் அளவு 116. எழுந்து நிற்கச் சொல்லிப் பார்த்தார், 94. உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் எழுந்ததும் அழுத்தம் இப்படி இறங்கும், தலைவலியும் வரும் என்றார்.

நம் சாப்பாட்டில் உப்பும் தண்ணீரும் சோற்றின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போகின்றன. வெந்த சோற்றிலேயே 100 கிராமுக்கு 70 கிராம் போலத் தண்ணீர்தான். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மாவுச்சத்தைக் குறைத்தால் ஈரலிலும் தசையிலும் உடம்பு சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை, அதாவது கிளைகோஜன், கரைகிறது. அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது, அதுவும் வெளியேறும். இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியே தள்ளும். முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்தது என்று மகிழ்கிறோமே, அதில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான்.

தினமும் உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு டம்ளர், ரசம் ஒரு டம்ளர் குடிக்கச் சொன்னார். மூன்று நாளில் வலி விட்டது. ஆனால் ரத்தக் கொதிப்போ சிறுநீரக, இதயக் கோளாறோ இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக உப்பைக் கூட்டிவிடாதீர்கள்.

காபியைத் திடீரென்று நிறுத்தினாலும் வலி வரும். கடைசி டம்ளர் குடித்த 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய், அதிகபட்சம் ஒன்பது நாளில் அடங்கிவிடும். உங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டதால் இது மட்டுமே காரணமாக இருக்காது. சாப்பிட்ட அரை மணி, ஒரு மணியில் வலி தணிகிறதென்றால் பசி காரணமாக இருக்கலாம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு ஒருவேளை பட்டினியே போதும் அதைக் கிளப்ப.

நான் மிகவும் கவலைப்படுவது மாத்திரை சாப்பிடுபவர்களைப் பற்றி. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டு சோற்றை மட்டும் விட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தலைவலி எல்லாம் வரும். பிரஷர் மாத்திரை, அதிலும் சிறுநீரைக் கூட்டுகிற வகை என்றால், அழுத்தம் ரொம்பவே இறங்கலாம். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் "சோற்றைக் குறைத்துவிட்டேன்" என்று இன்றே சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

வலிக்குத் தினமும் பாராசிட்டமால் போடுகிறீர்களா? மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல், அதையே மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால், அந்த மாத்திரையே தலைவலியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

என் சித்தி மகளும் எல்லாவற்றுக்கும் டயட் மேலேயே பழி போட்டாள். வயது 27, உடல் பருமன். அவளுக்குப் படுத்தால் வலி கூடியது, காதுக்குள் நாடி துடிக்கிற சத்தம் கேட்டது, குனிந்து நிமிர்ந்தால் சில நொடி பார்வை மங்கியது. கண் டாக்டர் விழியின் பின்புறத்தைப் பார்த்து, பார்வை நரம்பு வீங்கியிருக்கிறது என்றார். மண்டைக்குள் அழுத்தம் கூடியிருந்தது. இதற்கு எடை குறைப்பதும் சிகிச்சையில் ஒன்று, அதனால் டயட்டை விடச் சொல்லவில்லை. தள்ளிப்போட்டிருந்தால் பார்வைக்கே ஆபத்தாகியிருக்கும்.

படுத்தாலோ இருமினாலோ வலி கூடுகிறது, பார்வை மங்குகிறது, காய்ச்சலோடு கழுத்து விறைக்கிறது, கைகால் மரத்துப்போகிறது, நொடியில் இடி விழுந்தாற்போல வலி உச்சத்துக்குப் போகிறது என்றால் மோர், ரசம் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இவை எதுவும் இல்லையென்றாலும் மூன்று வாரம் அதிகம். இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாருங்கள். போகும்போது வலி தொடங்கும் நேரத்தையும், விட்ட பொருள்களையும், போடும் மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். நின்றபடியும் ஒருமுறை பிரஷர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.