கொல்லாம்பழம்: 9 வரியா, 14 வரியா?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் குமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊருக்கு அருகில் வசிக்கிறேன். இளங்கலைத் தமிழ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என் பாட்டியும் அவர் வயதுக்காரர்களும் பேசும் வட்டாரச் சொற்களை இரண்டு ஆண்டுகளாகச் சேகரித்து ஒரே உரைக்கோப்பில் வைத்திருக்கிறேன். ஏறத்தாழ 4,000 வரிகள். ஒவ்வொரு வரியிலும் சொல், பொருள், சொன்னவர், ஊர் என நான்கு பகுதிகள், நடுவில் டேப் (tab) இடைவெளி. முதல் 1,200 வரிகளை என் அத்தை ஒரு டிடிபி கடையில் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து தந்தார். அவற்றை இணையத்தில் கிடைத்த மாற்றியால் யூனிகோடாக்கினேன். மீதியை நானே கைபேசியில் தட்டினேன்.

ஒரு சொல்லை எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எண்ணவும், சொற்களை அகர வரிசையில் அடுக்கவும் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சிறிய ஸ்கிரிப்ட் (நிரல்) எழுதினேன். கொல்லாம்பழம் (முந்திரிப்பழம்) என்ற சொல் 14 வரிகளில் இருப்பதைக் கண்ணால் எண்ணிவிட்டேன். ஸ்கிரிப்டோ 9 என்கிறது. வரிசையும் தவறாக வருகிறது. ஒருமுறை வெளியீட்டை அதே கோப்பில் எழுதப் போய்க் கோப்பு காலியாகிவிட்டது. தோழிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பழைய பிரதியால் பெரும்பகுதி தப்பியது, சுமார் 60 சொற்கள் போயின. உரை வேலைக்குப் பெர்ல்தான் ஏற்றது என்கிறார் ஒரு சீனியர். செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் ஒரு நிமிட வேலை, எதற்குக் கற்கிறாய் என்கிறாள் தோழி. தமிழ் படிக்கும் எனக்கு இது ஒத்துவருமா? எந்த மொழியில் தொடங்குவது?

*

அன்புள்ள மாணவிக்கு,

பெயரை நீக்கிவிட்டு உங்கள் கடிதத்தை வெளியிடுகிறேன். அது வந்த வாரத்தில் நான் ஒரு பழைய வன்தட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அதில் 2017 டிசம்பரில் நான் எழுதிய ஒரு ஸ்கிரிப்டும் இரண்டு பெயர்ப் பட்டியல்களும் இருந்தன. அழிக்கவும் மனமில்லை, திறந்து பார்க்கவும் துணிவில்லை என்று நாலைந்து நாட்கள் அவற்றையே நினைத்துக்கொண்டிருந்த வேளையில், 9 என்றும் 14 என்றும் நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எந்த மொழி என்ற கேள்விக்கு ஒரு நாளைக்கூடச் செலவிடாதீர்கள். பெல் ஆய்வகத்தில் அஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் 1977-இல் உருவாக்கிய ஆக் மொழியும், 1987-இல் லாரி வால் வெளியிட்ட பெர்லும், 1991-இல் வெளிவந்த பைத்தானும் இந்த வேலையில் செய்வது ஒன்றுதான்: ஒரு வரியை எடுப்பது, அதைப் பகுதிகளாகப் பிரிப்பது, வேண்டியதை எண்ணுவது, அடுத்த வரிக்குப் போவது. பைத்தானைத் தொடங்கிவிட்டீர்கள் அல்லவா, அதிலேயே இருங்கள். தமிழ் படித்தவருக்கு ஒத்துவருமா என்று தயங்க வேண்டாம். பெர்லை உருவாக்கிய லாரி வாலே மொழியியல் படித்தவர். தோழி சொல்வதிலும் தவறில்லை, கருவி எழுதித் தரும் ஸ்கிரிப்டை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் விடை 14 என்பது உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததால்தான் 9 என்பது பிழை என்று தெரிந்தது. எண்ணிப் பார்த்தீர்களே, அதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். தொடக்கத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் திரையில் ஓர் எண் வந்ததுமே அதை நம்பி எழுந்து போய்விடுகிறார்கள்.

பாராட்டிய அதே வாயால் கண்டிக்கவும் வேண்டியிருக்கிறது. மூலக் கோப்பின் மீதே எழுதினேன் என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். மகளே, அது கடந்துபோகக்கூடிய செய்தியா? எழுதுவதற்காக ஒரு கோப்பைத் திறந்தால், ஓர் எழுத்தை எழுதுவதற்கு முன்பே, திறந்த அந்தக் கணத்திலேயே பைத்தான் அதைக் காலியாக்கிவிடும். இது எந்தப் பாடநூலிலும் முதல் சில பக்கங்களில் இருக்கும். போன அந்த 60 சொற்களைச் சொன்னவர்கள் எல்லோரும் இன்னும் இருக்கிறார்களா? இருந்தாலும், முற்றத்தில் ஏதோ வேலைக்கிடையே தன்னையறியாமல் வாயில் வந்த ஒரு சொல்லை, நாம் போய்க் கேட்டவுடன் அவர்களால் மீண்டும் சொல்ல முடியுமா? இன்றே மூலக் கோப்பை மூன்று இடங்களில் வையுங்கள். அதன் பண்புகளில் 'படிக்க மட்டும்' என்று அமையுங்கள். ஸ்கிரிப்ட் படிப்பது ஒரு கோப்பாகவும் எழுதுவது வேறொரு கோப்பாகவும் இருக்கட்டும். இதில் விதிவிலக்கே கிடையாது.

இனி அந்த 9-க்கு வருகிறேன். ஸ்கிரிப்ட் தப்பாக எண்ணவில்லை. உங்கள் கோப்பில் கொல்லாம்பழம் உண்மையிலேயே இரண்டு சொற்களாக இருக்கிறது. 9 வரிகளில் ஒன்று, 5 வரிகளில் மற்றொன்று. உங்கள் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் அவை ஒன்றே. கணினி பார்ப்பது வடிவத்தை அன்று, எண்ணை. ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அதில் க என்பது 2965. ஒகரக் குறிக்குத் தனியாக 3018 என்ற எண் உண்டு. ஆகவே 'கொ' என்பது 2965, 3018 என்று இரண்டு எண்களாக இருக்கலாம். எகரக் கொம்புக்கு 3014 என்றும் துணைக்காலுக்கு 3006 என்றும் தனித்தனி எண்கள் இருப்பதால், அதே 'கொ' 2965, 3014, 3006 என்று மூன்று எண்களாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒரே உருவம். கைபேசியில் நீங்கள் தட்டியது முதல் வகை. பழைய எழுத்துருக்களில் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்துகள் சேமிக்கப்பட்டிருந்தன. மாற்றி கொம்பைப் பின்னால் நகர்த்திவிட்டு, அதையும் காலையும் ஒன்றாக இணைக்காமல் விட்டுவிட்டால் இரண்டாம் வகை பிறக்கும். உங்கள் அத்தை தட்டிய 1,200 வரிகளுக்கு நேர்ந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

நம்ப வேண்டாம், பாருங்கள். விடுபட்ட வரிகளில் ஒன்றையும் பிடிபட்ட வரிகளில் ஒன்றையும் எடுத்து, முதல் சொல்லின் ஒவ்வொரு குறியையும் பைத்தானின் 'ஆர்ட்' (ord) என்ற சார்பில் (function) கொடுத்து எண்களை அச்சிடுங்கள். கொல்லாம்பழம் என்பது நமக்கு 7 எழுத்துகள். ஒன்றில் 12 எண்கள் வரும், மற்றொன்றில் 13. கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 (UTF-8) முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுப்பதால், வட்டில் அவை 36 பைட்டும் 39 பைட்டும் ஆகும். 36-உம் 39-உம் சமமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்லும் அது?

எழுத்து என்றால் என்ன என்பதை முதல் செமஸ்டரிலேயே படித்துவிட்டவர் நீங்கள். உயிர், மெய், உயிர்மெய் என்ற பாகுபாடு தெரிந்த ஒருவர், தன் கோப்பில் எழுத்து எப்படி இருக்கிறது என்று ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல் வரிக்கு வரி ஸ்கிரிப்டை மாற்றிக்கொண்டிருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. உங்களை மட்டும் சொல்லவில்லை. எனக்கு வரும் கடிதங்களில் பத்துக்கு ஒன்பது 'ஸ்கிரிப்ட் வேலை செய்யவில்லை' என்றுதான் தொடங்குகின்றன; ஒருவர்கூடத் தன் கோப்பின் முதல் வரியில் என்ன இருக்கிறது என்று எழுதுவதில்லை.

நான் செய்ததும் அதுவே.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் நம் கடற்கரைக்கு அருகே கடந்து போனது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று அந்தக் கரையோரம் முழுவதும் ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்கப் போனவர்களின் ஊர்கள். அடுத்த வாரங்களில் கோயில் மண்டபங்களில்தான் எல்லாம் நடந்தது. நான் போயிருந்த ஊரில் இளைஞர்கள் கடலுக்குப் போனவர்களின் பெயரையும் தந்தை பெயரையும் வள்ளத்தின் பெயரையும் வீடு வீடாகக் கேட்டுக் கைபேசியில் தட்டி ஒரு பட்டியல் செய்திருந்தார்கள். லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்தின் தேவ்கட்டிலும் வேறு துறைகளிலும் கரையேறியவர்களின் பெயர்கள் இன்னொரு பட்டியலாக வந்துகொண்டிருந்தன; யாரோ ஒருவர் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, மாற்றியில் போட்டு அனுப்பியவை. முதல் பட்டியலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் இன்னும் தேட வேண்டியவர்கள் யார் என்று தெரிந்துவிடும். பன்னிரண்டு வரி ஸ்கிரிப்ட். மண்டபத்தின் மூலையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு நான் அதை எழுதினேன். கால் மணி நேரத்தில் எழுதி முடித்ததில் எனக்குப் பெருமையும் இருந்தது.

கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்து கணவரின் பெயரைச் சொன்னார். முழுப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அதில் அந்தோணி என்று இருந்தது. நம் கரையோரத்தில் அந்தப் பெயர் இல்லாத தெரு இல்லை. கரையேறியவர்களின் பட்டியலில் தேடினேன். இல்லை என்று வந்தது. திரையைப் பார்த்தபடியே "இல்லை, அம்மா" என்றேன். அவர் மறுநாளும் வந்தார். மீண்டும் தேடினேன், மீண்டும் இல்லை என்றேன். குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். மூன்றாம் நாள் காலையில் அவர் கணவர் யாரிடமோ கைபேசி வாங்கித் தேவ்கட்டிலிருந்து பேசினார். ஐந்து நாட்களாக அங்கேதான் இருந்திருக்கிறார். அவர் பெயர் என் கோப்பில் 41-ஆம் வரியில் இருந்தது.

அன்று இரவு இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். அதே பெயர், அதே தந்தை பெயர், எழுத்துப்பிழைகூட இல்லை. கடைசியில் எண்களை அச்சிட்டேன். ஒரு பட்டியலில் 'தோ' 2980, 3019 என்று இருந்தது. மற்றதில் 2980, 3015, 3006. மாற்றியின் வழியாக வந்த ஒவ்வோர் அந்தோணியும் ஒவ்வொரு ஜோசப்பும் ஒவ்வொரு யோவானும் என் ஸ்கிரிப்டின் கணக்கில் கடலிலேயே இருந்தார்கள். ஒரே ஒரு வரியைச் சேர்த்ததும் அத்தனை பேரும் கரைக்கு வந்துவிட்டார்கள். உண்மையில் திரும்பி வராதவர்களின் பெயர்கள் அதன் பிறகும் அப்படியே மீந்திருந்தன; அந்த இழப்பைப் பற்றி இங்கே எழுத எனக்குத் தகுதியில்லை. அந்தப் பெண்ணிடம் இரண்டு முறை இல்லை என்று சொன்னது என் வாய். அவரிடம் அதைச் சொல்வதற்கு முன் 200 வரிகூட இல்லாத அந்தப் பட்டியலைக் கண்ணால் ஒருமுறை படித்திருந்தாலே போதும். படிக்கவில்லை.

அந்த ஒரு வரி உங்களுக்கும் வேண்டும். பைத்தானோடு வரும் 'யூனிகோட்டேட்டா' (unicodedata) தொகுதியில் 'நார்மலைஸ்' (normalize) என்ற சார்பு இருக்கிறது. கோப்பிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு வரியையும், வேறு எதுவும் செய்வதற்கு முன், என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு அதன் வழியாக மாற்றிவிடுங்கள். பிரிந்து கிடக்கும் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகும். இதனாலும் தீராத ஒன்று உண்டு. பௌர்ணமி என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பும் ளகரமும் சேர்த்துத் தட்டுபவர்கள் ஏராளம். கணினிக்கு அது பெ, ள என்ற இரண்டு எழுத்துகள். அதைச் சேர்த்துவைக்க எந்தச் சார்பாலும் முடியாது. ஔகாரச் சொற்களைத் தனியே எடுத்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதுதான். உங்கள் சேகரிப்பில் அவை அதிகம் இருக்காது.

வரிசை தவறுவதற்குக் காரணம் வேறு. யூனிகோடின் எண் வரிசையில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும், ளகரமும் ழகரமும் லகரத்துக்கு அடுத்தும் வருகின்றன. புள்ளியோ உயிர்க்குறிகள் அனைத்துக்கும் பின்னால் நிற்கிறது. எழுத்து வரிசை னகரத்தில் முடியும் என்று சொல்லும் தொல்காப்பியம், நம் விளவங்கோடு வட்டாரத்து அதங்கோட்டைச் சேர்ந்தவர் என்று இங்கே பலரும் உரிமை கொண்டாடும் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரம் கூறுகிறது. அந்த ஊருக்குப் பக்கத்திலிருந்து வரும் சொற்பட்டியல் தவறான வரிசையில் வெளிவரக் கூடாது. முறையான எழுத்து வரிசையை நீங்களே ஒரு பட்டியலாக எழுதி, அதில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதை அடுக்கும் சார்புக்கு அளவுகோலாகக் கொடுங்கள். தமிழ் மாணவிக்கு இது அரை மணி நேர வேலை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். சொற்களைப் பிரிக்கப் பைத்தானின் வழக்கமான சொல்-குறி வாய்பாட்டை (\w+) நாடினால், அது உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே கருதாமல், கொல்லாம்பழத்தை க, ல, ல, ம, பழம என்று ஐந்து துண்டாக்கிக் கையில் தரும். உங்கள் கோப்பில் டேப் இருக்கிறது, டேப்பில் பிரியுங்கள்.

இந்த வாரம் ஸ்கிரிப்டைத் தொடாதீர்கள். அத்தை தட்டிய 1,200 வரிகளையும் ஒரு நாளைக்கு 200 வீதம் ஆறு நாட்கள் கண்ணால் படியுங்கள். ஏழாம் நாள், மேலே சொன்ன ஒரு வரியைச் சேர்த்து ஓட்டுங்கள். உள்ளே போன வரிகளின் எண்ணிக்கையும் வெளியே வந்தவற்றின் எண்ணிக்கையும் ஒன்றுதானா என்று முதலில் சரிபார்த்துவிட்டு, பிறகு கொல்லாம்பழத்தை எண்ணுங்கள். 14 வரும் என்று நினைக்கிறேன். 13 வந்தால், சொல்லின் இறுதியில் ஓர் இடைவெளியோ, கண்ணுக்கே தெரியாத ஒரு குறியோ ஒட்டிக்கொண்டிருக்கலாம். அல்லது அந்தச் சொல் கோப்பின் முதல் வரியில் இருந்து, விண்டோஸ் நோட்பேட் கோப்பின் தொடக்கத்தில் சேர்த்துவைத்த 3 பைட் அடையாளம் அதை மறைத்திருக்கலாம். அந்த ஒற்றை வரியை மட்டும் வெட்டி ஒரு தனிக் கோப்பாக எனக்கு அனுப்புங்கள். அதைச் சொன்னவர் எந்த ஊர்க்காரர் என்ற பகுதியையும் விட்டுவிடாதீர்கள். சேர்ந்து பார்ப்போம்.