ஜாக் ஜோடி கையில், ஃப்ளாப்பில் ஏஸ்: என்ன செய்வது?

கேள்வி: நோ லிமிட் ஹோல்டம் போக்கர் (கையில் இரண்டு சீட்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து) ஆடுகிறேன். ஜாக் ஜோடியோ குயின் ஜோடியோ வந்தாலே பயமாக இருக்கிறது. மூன்று பிளைண்ட் (கட்டாயப் பந்தயத்தைப் போல மூன்று மடங்கு) ரெய்ஸ் செய்தால் நான்கு பேர் அதே பணம் கட்டி 'கால்' செய்கிறார்கள்; ஃப்ளாப்பில் (முதல் மூன்று பொதுச் சீட்டில்) ஏஸோ கிங்கோ விழுந்துவிடுகிறது. "ரெய்ஸ் செய்யாதீர்கள், மலிவாக ஃப்ளாப்பைப் பாருங்கள். பயமாக இருந்தால், ஆல் இன் (மொத்தச் சிப்ஸையும் வைப்பது) ஆகும்போது, தோற்றால் பணம் தரும் இன்ஷூரன்ஸ் வாங்குங்கள்" என்கிறார் என்னை ஒரு போக்கர் ஆப் கிளப்பில் சேர்த்துவிட்ட ஏஜென்ட். அவர் சொல்வது சரியா?

பதில்: இரண்டுமே தவறு. ஜாக் ஜோடி வந்தால் ரெய்ஸ் செய்யுங்கள், அதுவும் இப்போது செய்வதைவிடப் பெரிதாக.

எதிரே ஒரே ஒருவர், அவர் கையில் ஏதோ இரண்டு சீட்டு என்று வைத்துக்கொள்வோம். ரிவர் (கடைசிப் பொதுச் சீட்டு) வரை போனால் ஜாக் ஜோடி நூற்றுக்குச் சுமார் 77 தடவை ஜெயிக்கும். எதிரே நான்கு பேர் என்றால் அது 40 ஆக இறங்கிவிடும். ஐந்து பேர் ஆட்டத்தில் 40 என்பது நல்ல பங்குதான். ஆனால் ரிவர் வரை உங்களை யார் விடப்போகிறார்கள்? நடுவில் ஒருவர் பெட் வைப்பார், நீங்கள் சீட்டைக் கீழே போட்டு ஃபோல்டு செய்வீர்கள். ஃப்ளாப்பில் ஜாக்கைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது விழ 57 சதவீத வாய்ப்பு இருக்கிறது. குயின் ஜோடிக்கு 41. ஆகவே அது துரதிர்ஷ்டம் இல்லை, பாதி நேரம் நடப்பதுதான். மூன்றாவது ஜாக் விழுவதோ எட்டரை தடவைக்கு ஒருமுறை. ஜாக் விழுந்தால் மட்டும் ஆடுவேன் என்பவர் மிச்ச நேரமெல்லாம் ஒரு நல்ல கையைச் சும்மா தூக்கிப் போடுகிறார்.

ஏஸ் விழும்போது எதிரே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள், அதுதான் முக்கியம். ஃப்ளாப்பில் ஒரு ஏஸ் போனால் மீதி மூன்று. எதிரே ஒருவர் மட்டும் இருந்தால் அவரிடம் ஏஸ் இருக்க வாய்ப்பு 12 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். நான்கு பேர் இருந்தால் யாராவது ஒருவரிடம் இருக்க வாய்ப்பு 44 சதவீதம். ஏஸ் கிடைத்தவர் லேசில் ஃபோல்டு செய்ய மாட்டார் என்பதால் நிஜத்தில் இரண்டுமே இன்னும் கூடும். உங்கள் பயம் முழுக்க இந்த 12-க்கும் 44-க்கும் நடுவில்தான் இருக்கிறது.

மூன்று பிளைண்டுக்கு நான்கு பேர் வருகிற மேசையில் ஐந்தோ ஆறோ வையுங்கள். உங்களுக்கு முன்னால் ரெய்ஸ் செய்யாமல் ஒரு பிளைண்ட் மட்டும் கட்டி லிம்ப் செய்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிளைண்ட் கூட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் முன்பே ரெய்ஸ் செய்திருந்தால் அதைப் போல மூன்று மடங்கு. ஒருவரோ இருவரோ மிஞ்சினால் போதும். எல்லோரும் ஃபோல்டு செய்துவிட்டால் வருத்தப்படாதீர்கள்.

ஒருவர் மட்டும் மிஞ்சி, ஏஸ் விழுந்து, அவர் பெட் வைக்காமல் செக் செய்தால், பாட் (நடுவில் சேர்ந்த பணம்) எவ்வளவோ அதில் மூன்றில் ஒரு பங்கு பெட் வையுங்கள். அவர் கால் செய்தால் டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) நீங்கள் செக். ரெய்ஸ் செய்தால் ஃபோல்டு. இரண்டு மூன்று பேர் இருந்து, ஏஸ் விழுந்து, ஒருவர் பெட் வைத்து இன்னொருவர் கால் செய்தால் அப்போதே ஃபோல்டு. ஒன்பது, ஆறு, இரண்டு மாதிரி சின்னச் சீட்டுகள் விழுந்தால் பாட் பணத்தில் பாதிக்கு மேல் வையுங்கள். ஆனால் அதுவரை அடக்கமாக ஆடியவர் டர்னில் திடீரென்று பெரிதாக ரெய்ஸ் செய்தால், வெறும் ஒரு ஜோடியை நம்பி 100 பிளைண்ட் ஸ்டாக்கை (உங்கள் சிப்ஸ் குவியலை) தள்ளிவிடாதீர்கள். ஏஸ் ஜோடிக்கும் இதே கதைதான்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் ஏமாறுபவர்கள் அதிகம். சேட்டலைட் டோர்னமென்ட், அதாவது பெரிய டோர்னமென்டுக்கான டிக்கெட் மட்டுமே பரிசாகக் கிடைக்கும் ஆட்டம். 10 டிக்கெட், 11 பேர் மிச்சம். முதலிடத்துக்கும் பத்தாமிடத்துக்கும் அதே டிக்கெட்தான். உங்களிடம் 20 பிளைண்ட், இன்னொருவரிடம் ஒன்றே ஒன்று. உங்களைவிடப் பெரிய ஸ்டாக் வைத்திருப்பவர் ஆல் இன் செய்கிறார். ஜாக் ஜோடியா? ஃபோல்டு. குயின் ஜோடியா? ஃபோல்டு. ஏஸ் ஜோடியும் ஃபோல்டுதான். ஜெயித்தால் உங்கள் டிக்கெட் இரண்டாகிவிடாது. தோற்றால் இருப்பதும் போய்விடும். எதிரியிடம் ஏதோ இரண்டு சீட்டு இருந்தாலே ஏஸ் ஜோடி நூற்றுக்குச் சுமார் பதினைந்து தடவை தோற்கும். சும்மா உட்கார்ந்திருந்தாலே அந்த ஒற்றை பிளைண்ட்காரர் சீக்கிரம் வெளியேறிவிடுவார். அந்த ஒற்றை பிளைண்ட்காரர் நீங்களாக இருந்தால் இது பொருந்தாது. முதலிடத்துக்கு அதிகப் பணம் தரும் சாதாரண டோர்னமென்டுக்கும் பொருந்தாது. பரிசு எல்லாம் சமம், நீங்கள் ஏறக்குறைய உள்ளே போய்விட்டீர்கள், இந்த இரண்டும் சேர்ந்தால் மட்டும்தான்.

அப்புறம், உங்கள் ஏஜென்ட். மலிவாக ஃப்ளாப் பாருங்கள் என்று அவர் சொல்வதற்குப் பின்னால் ரேக் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டிலிருந்தும் ஆட்டத்தை நடத்துபவர் எடுக்கும் பிடித்தம் அது. பெரும்பாலான இடங்களில் ஃப்ளாப் விழாமல் முடிந்த ஆட்டத்துக்கு ரேக் கிடையாது. நீங்கள் பெரிதாக ரெய்ஸ் செய்து எல்லோரும் ஃபோல்டு செய்தால் நடத்துபவருக்கு ஒன்றும் இல்லை. ஐந்து பேர் லிம்ப் செய்து ஃப்ளாப் பார்த்தால் அவருக்கு வருமானம். இப்படிப்பட்ட கிளப்புகளில் ஏஜென்ட் சம்பாதிப்பதும் அந்த ரேக்கில் ஒரு பங்கைத்தான். நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் அவருக்கு ஒன்றே, பாட் மட்டும் நிறைய நடக்க வேண்டும். இப்படி ஒருவர் சொல்லும் ஆலோசனையைக் கேட்டு நல்ல கையை வீணடிப்பவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது. சில இடங்களில் பேட் பீட் ஜாக்பாட் (மிகப் பெரிய கை தோற்றால் தரும் பரிசு) என்று பாட்டிலிருந்து இன்னொரு பிடித்தமும் உண்டு. அதை எதிர்பார்த்து ஒரு கையைக்கூட நீட்டித்து ஆடாதீர்கள்.

இன்ஷூரன்ஸ் இன்னும் மோசம். டர்னில் ஆல் இன் ஆகிவிட்டது, நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள், எதிரிக்கு ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) ஆக 9 சீட்டு இருக்கிறது. தெரியாத சீட்டு 44. அவற்றில் 35 உங்களுக்குச் சாதகம். நேர்மையான இன்ஷூரன்ஸ் என்றால் 100 கட்டினால், ஃப்ளஷ் விழும்போது அந்த 100-ஐத் திருப்பித் தந்து, அதற்கு மேல் 389 தர வேண்டும். ஆப் 350 தருகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு 100-க்கும் சராசரியாக 8 அவர்கள் பைக்குப் போகிறது. பதறிப்போய் இருக்கும் நேரத்தில், சில நொடி மட்டும் அவகாசம் கொடுத்து, அந்தப் பட்டனைக் கண்முன் நீட்டுவது நியாயமே இல்லை. அதைத் தொடாதீர்கள்.

ஏஜென்டிடம் நான்கு விஷயம் கேளுங்கள்: ரேக் எத்தனை சதவீதம், அதற்கு உச்சவரம்பு எவ்வளவு, ஃப்ளாப் விழாவிட்டாலும் பிடிக்கிறார்களா, அதில் அவர் பங்கு எவ்வளவு. நேரான பதில் வராவிட்டால் மீதிச் சிப்ஸைப் பணமாக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். தோற்ற பிறகு அவர் கடனாகச் சிப்ஸ் தருகிறேன் என்றால் வாங்கவே வாங்காதீர்கள்.