மாப்ள வீட்டுக்காரங்க வந்தப்ப தம்பிய ரூம்ல வெச்சு பூட்டிட்டோம்

மேடம் வணக்கம்,

எனக்கு 23 வயசு, கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம், குன்னூர்ல ஒரு ஆபீஸ்ல கணக்கு வேல பாக்குறேன். அப்பாவுக்கு அர ஏக்கர் தேயிலை, பச்சை இலைக்கு வர்ற காசு உரத்துக்கே சரியா போகுது, அதனால அம்மா பக்கத்து தோட்டத்துக்கும் கொளுந்து பறிக்க போறாங்க. தம்பிக்கு 15, டவுன் சிண்ட்ரோம். அவன் பொறக்குறப்ப அம்மாவுக்கு 38 வயசு. கிரகணத்தன்னிக்கு வெளிய நின்னா, அதான் இப்டினு பாட்டி இன்னும் சொல்லிட்டேதான் இருக்கு.

எட்டாவது வரைக்கும் ஊர் ஸ்கூல்ல இருந்தான், ஒம்பதாவது சேக்க போனப்ப எங்களால இவன பாத்துக்க முடியாதும்மா வீட்லயே வெச்சுக்கங்கனுட்டாங்க. அம்மா ஒன்னும் கேக்காம கூட்டிட்டு வந்துட்டாங்க. முன்ன எல்லாம் அம்மாகூட தோட்டத்துக்கு போவான், மூட்டைல இருந்து முத்துன எலய தனியா பொறுக்கி போடுவான், அம்மாவ விட வேகம். காட்டெருமை ஜாஸ்தியானதுல இருந்து அதுவும் நின்னு போச்சு. இப்ப எந்நேரமும் தூக்கம், மூஞ்சி உப்பி, வெயிட் போட்டு சோம்பேறி ஆயிட்டான்.

போன மாசம் என்னய பொண்ணு பாக்க வந்தாங்க. தம்பி பத்தி இப்ப பேச்செடுக்க வேணாம்னு அப்பா முந்தின நாளே சொல்லிட்டாரு. அவன் கைல போன குடுத்து பின்னாடி ரூம்ல வெச்சு பூட்டிட்டோம், ரெண்டு மணி நேரம் சத்தமே போடல. அவங்களுக்கு என்ன புடிச்சு போச்சு. அதுக்கப்பறம் நடக்குறதுதான் தாங்க முடியல மேடம். இப்ப வீட்டுக்கு யார் வந்தாலும், பால்காரர் வந்தா கூட, அவனா எந்திரிச்சு அந்த ரூமுக்கு போய் உள்ள தாழ்ப்பாள் போட்டுக்குறான். அவனுக்கு ஒன்னும் புரியாதுனு நாங்க நெனச்சோம்.

அடுத்த ஞாயிறு பூ வைக்க வர்றாங்க. அவரு போன்ல நல்லாதான் பேசுறாரு, கூடப் பொறந்தவங்க யாருனு கேட்டப்ப நான் பேச்ச மாத்திட்டேன். சொன்னா நாளைக்கு உனக்கு பொறக்குறதும் இப்டி இருக்குமானு கேப்பாங்களோனு பயம். சொல்லாம போனா அம்மா அப்பாவுக்கு அப்பறம் இவன யாரு பாக்குறது? நான்தான் பாப்பேன்னு பத்து வயசுலயே அம்மாகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன். ஆனா எனக்கு கல்யாணம் பண்ணிட்டு கீழ எங்கயாச்சும் போயிரணும்னு ஆசையா இருக்கு, அத நெனச்சா என்மேலயே அருவருப்பா இருக்கு.

பேர் வேண்டாம், கோத்தகிரி

வணக்கம்மா,

கல்யாண விஷயத்துக்கு அப்பறம் வர்றேன், மொதல்ல ஒரு ரத்த டெஸ்ட். தூக்கம், மூஞ்சி உப்பல், வெயிட்னு வரிசையா எழுதிட்டு கடைசில சோம்பேறினு முடிச்சுட்டீங்க. டவுன் சிண்ட்ரோம் உள்ளவங்களுக்கு தைராய்டு கொறையறது சகஜம், கொறஞ்சா இந்த மூணுமே வரும், தெனம் ஒரு மாத்திரைல சமாளிச்சுடலாம். தைராய்டு சரியா இருக்கானு காட்டுற டி.எஸ்.எச் ரத்த டெஸ்ட வருஷா வருஷம் பாக்கணும். அப்டியே காதையும் காட்டிருங்க, இவங்களுக்கு காது மந்தமாகுறதும் ஜாஸ்தி, கூப்ட்டு திரும்பலன்னா அதுக்கும் நாம சோம்பேறினுதான் பேர் வெப்போம். ரெண்டும் நல்லா இருந்துச்சுனா, ஸ்கூலும் நின்னு தோட்டமும் நின்னு புள்ள மனசு விட்டு படுத்துட்டான்னு எடுத்துக்கலாம், அதுக்கும் டாக்டர்கிட்டதான் பேசணும்.

அடுத்து உங்க பயம். டவுன் சிண்ட்ரோம்னா 21ஆவது குரோமோசோம் ரெண்டு இருக்க வேண்டிய எடத்துல மூணு இருக்கு, அவ்ளோதான் விஷயம். நூத்துல 95 பேருக்கு இது பரம்பரையா வர்றதில்ல, கரு உருவாகுறப்ப தானா நடக்குறது, அம்மா வயசு 35 தாண்டுனா வாய்ப்பு கூடும். கிரகணத்துக்கு இதுல ஒரு வேலையும் இல்ல. பாட்டிகிட்ட சொல்லுங்க, கேக்க மாட்டாங்க, ஆனா அம்மா காதுல விழுற மாதிரி சத்தமா சொல்லுங்க. ரொம்ப கொஞ்சம் பேருக்கு டிரான்ஸ்லொகேஷன்னு, 21ஆவது குரோமோசோம் இன்னொரு குரோமோசோம்ல ஒட்டிக்கிற ஒரு வகை இருக்கு, அதுல மட்டும் சில சமயம் அப்பா அம்மாகிட்ட இருந்து வந்திருக்கலாம், அப்டினா நீங்களும் டெஸ்ட் பண்ணணும். தம்பிக்கு சின்ன வயசுல குரோமோசோம பாக்குற கேரியோடைப் டெஸ்ட் எடுத்த பேப்பர் பீரோல இருக்கானு பாருங்க, இல்லன்னா கோயம்புத்தூர் போய் எடுத்துக்கலாம். ரிசல்ட் வரட்டும்னு மாப்ளகிட்ட பேச்ச தள்ளிப் போடாதீங்க. ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி, அப்பா மூலமா இல்லாம, நீங்களே போன் பண்ணி சொல்லுங்க. அவரு பின்வாங்குனா வலிக்கும்தான். கல்யாணமாகி ஆறு மாசத்துல தெரிய வந்து உங்க அம்மாவ நிக்க வெச்சு கேள்வி கேக்குறத நெனச்சுப் பாருங்க.

இப்ப அந்த தாழ்ப்பாள். அத படிச்சுட்டு நான் கொஞ்ச நேரம் வேற லெட்டர் எதையும் பிரிக்கல. ஒரே ஒரு தடவ பூட்டுனீங்க, யார் வந்தா என்ன பண்ணணும்னு புள்ள முழுசா கத்துக்கிட்டான். இவ்ளோ சீக்கிரம் கத்துக்குற பையனத்தான் பாத்துக்க முடியாதுனு அனுப்பிருக்காங்க, நீங்களும் சரினு வந்துட்டீங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி 40 சதவீதமும் அதுக்கு மேலயும் பாதிப்பு உள்ள புள்ளைங்களுக்கு 6 வயசுல இருந்து 18 வரைக்கும் இலவசமா படிக்க உரிமை இருக்கு, பக்கத்து ஸ்கூலா சிறப்புப் பள்ளியானு நீங்கதான் முடிவு பண்ணணும். சேத்துக்கச் சொல்லி எழுதியே குடுங்க, முடியாதுன்னா அதையும் எழுதியே கேளுங்க. வாய்ல சொல்ற மாதிரி பேப்பர்ல சொல்ல மாட்டாங்க. கல்வித்துறையோட வட்டார வள மையத்துல, இந்த மாதிரி புள்ளைங்களுக்கு சொல்லிக்குடுக்குற சிறப்பாசிரியர் இருப்பாங்க, அவங்கள பாருங்க, ஒன்னும் நகரலன்னா திங்கக்கெழம ஊட்டி கலெக்டர் ஆபீஸ்ல மனு. அல்ஜீப்ரா வரலன்னா போகுது. பஸ் போர்டு படிக்க, நோட்டு எண்ண, மணி பாக்க, தானா குளிச்சு சேவ் பண்ணிக்க அவன் பழகணும். முத்துன எலய கண்ணால பாத்தே பிரிக்கிறான்ல, அத சிறப்பாசிரியர்கிட்ட மறக்காம சொல்லுங்க, அவனுக்கு ஒரு தொழில் அங்க இருந்து கூட ஆரம்பிக்கலாம்.

சத்தியம் பத்தி. பத்து வயசுப் புள்ள வாங்குன கடனுக்கு நீங்க இன்னும் வட்டி கட்டிட்டு இருக்கீங்க. மலைய விட்டு எறங்கணும்னு இங்க யாருக்குத்தான் ஆச வராது? நானும் எறங்கிப் போய்ட்டு திரும்பி வந்தவதான், அது வேற கத. தம்பிக்கு 18 ஆனதும் அறிவுத்திறன் கொறைபாடு மாதிரி பாதிப்பு உள்ளவங்களுக்கான நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி கலெக்டர் தலைமைல இருக்குற கமிட்டில சட்டப்பூர்வ பாதுகாவலருக்கு மனு போடலாம், பெத்தவங்களும் போடலாம், நீங்களும் போடலாம், அதுக்காக ஒரே வீட்ல இருந்தாகணும்னு இல்ல. அதே டிரஸ்ட்ல நிராமயானு ஒரு லட்சம் வரைக்கும் மருத்துவக் காப்பீடு இருக்கு. மாசம் 2000 ரூபா பராமரிப்புத் தொகை வருதானு நீங்க எழுதல, வரலன்னா மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல போய் கேளுங்க. தம்பி தன் வேலய தானே எவ்ளோ பாத்துக்குறானோ அந்தளவுக்கு உங்க மேல விழற பாரமும் கொறையும், அதனாலதான் ஸ்கூல் பத்தி இவ்ளோ நேரம் பேசுனேன்.

ஞாயித்துக்கெழமைக்கு அவன கட்டாயப்படுத்தி ஹால்ல ஒக்கார வெக்காதீங்க, பயந்துருவான். நாளைக்கே அந்த உள்தாழ்ப்பாள கழட்டிருங்க. பால்காரர் வர்றப்ப அவன் கைய புடிச்சு வாசலுக்கு கூட்டிட்டு போய், பாத்திரத்த அவன் கைலயே குடுத்து பால் வாங்க வைங்க. தெனமும்.