மங்கி குல்லா போட்ட கோவில்பிள்ளை

தம்பி, உங்கள் கேள்வியைப் பார்த்ததும் கோத்தகிரியில் இப்போது மழையா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றியது. பத்து வருஷமாகப் பங்கு மடலில் (நம் கோவில் செய்தி இதழில்) கார்ட்டூன் போட்டேன், மனைவிக்கு இங்கிலாந்தில் நர்ஸ் வேலை, நான் டிபெண்டன்ட் விசாவில் வந்து ஆறு வாரமாகிறது, கிறிஸ்தவப் பத்திரிகைகளுக்கு வரைந்து இங்கே பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வரையலாம். அதை மட்டும் நம்பி வாடகை கட்ட முடியாது.

நான் இருப்பது இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில், ஹேஸ்டிங்ஸில். ரயிலில் இருபது நிமிஷம் போனால் ரை என்று ஒரு பழைய ஊர். ஜான் ரயன் கடைசிக் காலத்தைக் கழித்தது அங்கேதான். கத்தோலிக் ஹெரால்ட் பத்திரிகைக்கு 40 வருஷத்துக்கு மேல் கார்ட்டூன் போட்டவர். கர்தினால் குரோட்டி என்று ஒரு குறும்புக்கார கர்தினால் (போப்பாண்டவருக்கு அடுத்த நிலைத் தலைவர்), அவர் பேனாவில் பிறந்தவர். ஆனால் வீட்டில் அடுப்பு எரிந்தது கர்தினாலால் அல்ல. ரயன் ஹாரோ பள்ளியில் ஓவிய வாத்தியாராக இருந்தார். 1950-இல் தொடங்கிய ஈகிள் சிறுவர் பத்திரிகையில் கேப்டன் பக்வாஷ் என்ற பயந்தாங்கொள்ளிக் கடற்கொள்ளைக்காரனை வரைந்தார். (அந்தப் பத்திரிகையை ஆரம்பித்தவரே ஓர் ஆங்கிலிக்கன் பாதிரியார்!) 1957-இல் பக்வாஷ் பிபிசிக்குப் போனான். அட்டையில் வெட்டிய உருவங்கள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் நீட்டிய அட்டைப் பட்டைகளைக் கையால் இழுத்து வாயையும் கண்ணையும் அசைப்பார்கள். பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த அட்டைதான். 2009-இல் இறந்தார்.

இன்னொன்று: ரயன் படித்தது பெனடிக்ட் சபைத் துறவிகளின் பள்ளியில். அங்கியையும் ஜெபத்தையும் மடத்துச் சாப்பாட்டையும் சின்ன வயதிலேயே உள்ளிருந்து பார்த்தவர். அதனால்தான் கர்தினாலையே கிண்டல் செய்தும் வாசகர்கள் வாராவாரம் தேடிப் படித்தார்கள். உங்களுக்கு இங்கே குறையப்போவது கைத்திறன் அல்ல, இப்படி உள்ளிருந்து பார்த்த பழக்கம்தான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். குன்னூரில் அப்பா சின்ன அச்சகம் வைத்திருந்தார். பங்கு மடலில் ஓரத்தில் இடம் மிஞ்சினால் அவரே ஒரு படம் கிறுக்கிவிடுவார். பனிமூட்டத்தில் கோவில்பிள்ளை, அதாவது கோவிலில் மணியடிக்கும் பணியாள், மங்கி குல்லாவை இழுத்துவிட்டு, கண் மட்டும் தெரிய, தூங்கி வழிந்தபடி மணிக்கயிற்றில் தொங்குவார். ஊரே சிரித்த படம். இங்கே வந்த புதிதில் அதை எங்கள் பங்கு மடல் தயாரிக்கும் பெண்மணியிடம் பெருமையாக நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தவர், "யார் இது, உண்டியலைத் திருட வந்தவனா?" என்றார். இந்த ஊரில் அந்தக் குல்லா கொள்ளைக்காரன் அடையாளம். நம் மலையில் பால்காரர் முதல் சாமியார் வரை போட்டுக்கொள்வது என்று விளக்கி முடிப்பதற்குள் சிரிப்பு செத்துப்போனது.

விசா உங்களுக்குத் தடையில்லை. டிபெண்டன்ட் சுயதொழில் செய்யலாம். மாணவர் விசாக்காரர்களுக்குத்தான் கூடாது. வரைந்து வரும் மொத்தப் பணம் வரி ஆண்டுக்கு 1,000 பவுண்டைத் தாண்டினால் வரி அலுவலகத்தில் பதிய வேண்டும். அதைவிட முக்கியம் காப்புரிமை. தனியாக வரைபவரின் படம், எழுதிக் கொடுக்காதவரை அவருக்கே சொந்தம். என் தோழியின் மகன் ஒரு பத்திரிகைக்குப் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். அடுத்த கிறிஸ்துமஸுக்குத் தன் படம் வாழ்த்து அட்டையாக விற்பதைக் கடையில் நின்று பார்த்தான், ஒரு பென்னி வரவில்லை. சர்ச் டைம்ஸ் என்ற ஆங்கிலிக்கன் வார இதழில் வரையும் டேவ் வாக்கரைப் பாருங்கள். படங்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, பங்கு மடல்களுக்குக் கட்டணத்தோடு உரிமம் தருகிறார்.

இப்போதைக்கு ஒரு பகுதிநேர வேலை தேடிக்கொள்ளுங்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள், டீ கொடுப்பார்கள், நின்று காதைத் தீட்டுங்கள். எங்கள் பங்கில் இந்தக் குளிர்காலம் முழுக்க ஹீட்டரை எத்தனை மணிக்குப் போடுவது என்று இரண்டு கட்சி. ஒரு பாட்டி கையோடு வெந்நீர்ப் பை கொண்டுவந்து, பிரசங்கத்தின்போது எல்லாரும் பார்க்க மடியில் வைத்துக்கொள்கிறார். அதை வரைந்தால் நாளைக்கே போடுவார்கள்.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், ஊர் வர்க்கி இன்னும் அரை டப்பா இருக்கிறது. பழைய படங்களையும் எடுத்து வாருங்கள். குல்லா போட்டவற்றை விட்டுவிட வேண்டாம், அவை எனக்கு.